ஏடு முதல் அஞ்சலட்டை வரை: புதியவர்கள் எழுதக் கற்ற வரலாறு

தமிழில் கவிதை எழுதக் கற்பது பல நூற்றாண்டுகள் யாப்பு கற்பதாகவே இருந்தது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அதற்கு மூலம் என்றாலும், புதிதாகப் பாட வந்தவரின் கையில் இருந்தது அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகைதான். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாக ஏறிச் செல்லும் இந்த நூல், ஒரு பெண்ணை விளித்து அவளுக்குச் சொல்வதுபோல் அமைந்திருக்கிறது. நிஜத்தில் அந்தப் பாடத்தைக் கேட்கும் வாய்ப்புப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. கற்பதும் எளிதாக இருக்கவில்லை. காரிகை படித்துப் பாட்டுக் கட்டுவதற்குப் பேரிகை அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அலுத்துக்கொண்ட சொலவடை இன்றும் வழங்குகிறது.

காரிகையோடு நன்னூல், தண்டியலங்காரம், நிகண்டு, பாட்டியல் ஆகியவையும் சேர்ந்தே பாடமாயின. இவற்றில் நிகண்டின் பயன் முழுக்க நடைமுறை சார்ந்தது. வெண்பாவின் இரண்டாம் அடிக்கு எதுகை தேடும்போது ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு நெட்டுருவாகியிருந்தால் யானைக்கும் கடலுக்கும் உள்ள பல பெயர்களில் வேண்டியது நாவில் வந்து நிற்கும். பாட்டியல் நூல்கள் எந்த வகைப் பிரபந்தம் யாருக்குப் பொருந்தும், அதில் எத்தனை செய்யுள் வரவேண்டும் என்பதைச் சொல்லின. முதற்சொல் மங்கலமாக இருக்கவேண்டும் என்றும் விதித்தன. அது பிசகினால் பாட்டுடைத் தலைவனுக்குக் கேடு வரும் என்ற நம்பிக்கை இருந்ததால், தொடக்கக்காரரின் முதல் அச்சம் அங்கேயே பிறந்தது.

கற்பவரின் மனநிலையைப் பற்றி அதிகம் யோசித்தது நன்னூல்தான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரம், மாணவர்களை அன்னம், பசு முதல் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை வரை வகைப்படுத்துகிறது. அதைவிட முக்கியமானது அது தரும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். இன்னொரு கால் பங்கு உடன் பயில்வோரோடு பழகுவதால் வரும். மீதி அரை தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். பிற்காலத்தில் எழுத வந்தவர்களின் வரலாற்றைப் படிக்கையில் இந்தக் கணக்கு ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்துகிறது.

குரு–சீட முறையின் கடைசிப் பெரிய காட்சி 19ஆம் நூற்றாண்டின் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் நடந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் மாணவராக வந்து சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது பதினாறு. தெரிந்த பாடல்களைச் சொல்லிக் காட்டி, அவற்றுக்குப் பொருளும் சொல்லித்தான் இடம் பெறவேண்டியிருந்தது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பிரபந்தங்கள் வரிசையாகப் பாடமாயின. பிள்ளை தலபுராணங்கள் இயற்றும்போது செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுத்தாணியால் எழுதுவார்கள். ஆசிரியர் ஒரு சொல்லை எடுத்து வேறொரு சொல்லை வைக்கும் இடத்தை நேரில் பார்ப்பதே பாடமாக இருந்தது. ஒரு செய்யுள் உருவாகும் விதத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பயிற்சி பின்னாளில் எந்த வகுப்பறையிலும் அமையவில்லை. சாமிநாதையர் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை 1930களில் இரண்டு பாகமாக எழுதினார். 1940 முதல் 1942இல் தம் மறைவு வரை ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திரம்’ இந்தக் கல்விமுறைக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான சாட்சியம்.

நூல் முடிந்தால் அரங்கேற்றம். கோயிலிலோ மடத்திலோ அவை கூடும். நூலை ஒருவர் படிக்க, ஆசிரியர் பொருள் சொல்வார். அவையோர் தடை எழுப்புவார்கள், அவர் விடை சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவரிடம் சிறப்புப் பாயிரம் வாங்கினால்தான் நூலுக்கு மதிப்பு. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்தார். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் இருந்ததால் பிள்ளை நாள் கடத்தினார். பாரதியார் காத்திருந்த வேளையில் பாடியதைக் கேட்டு மனம் கரைந்த பிறகே பாயிரம் கொடுத்தார். மக்கள் ஏற்கெனவே தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒரு படைப்புக்கே இந்தப் பாடு என்றால், பெயரில்லாத புதியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவையில் துணிவைச் சோதிக்கும் இன்னொரு வழக்கம் ஈற்றடி கொடுப்பது. கடைசி அடியை ஒருவர் சொல்ல, அதில் முடியும்படி மற்றவர் உடனே வெண்பா பாட வேண்டும். எட்டயபுரத்தில் வயதில் மூத்த ஒருவர் கேலியாகக் கொடுத்த ஈற்றடியைச் சிறுவன் சுப்பையா அவருக்கே திருப்பிவிட்ட கதை தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்தது. பதினொரு வயதில் அவனுக்குப் ‘பாரதி’ பட்டம் கொடுத்ததும் அந்த அவைதான். ஆனால் அதே பாரதி அச்சில் முதலில் வந்தது 1904இல், மதுரையிலிருந்து வெளியான ‘விவேகபாநு’ இதழில். அதே ஆண்டு சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். அவையிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குச் சென்ற அந்தப் பயணத்தில் தமிழ் எழுத்துப் பயிற்சியின் திசையே மாறிவிட்டது எனலாம்.

உரைநடைக்கு யாப்பு தேவையில்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டபோது தமிழில் நாவல் எழுதுவதற்கு விதி சொல்லும் நூல் எதுவும் கிடையாது. விதி இல்லாத இடத்தில் தவறும் குறைவு. புலமைக் குடும்பங்களுக்கு வெளியே இருந்தவர்கள் எழுத்தில் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

அப்படி நுழைந்தவர்களில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் தொடக்கம் தனித்துச் சொல்லத்தக்கது. 1901இல் பிறந்து, பள்ளிக்குச் செல்லாமல், ஐந்தரை வயதில் மணமான அவருக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தது. சரளமாக எழுதத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அப்படி உருவான ‘இந்திர மோஹனா’ நாடகம் 1924இல் அச்சேறியது. எழுத்துப் பழக்கமும் தோழியிடமிருந்தே வந்தது. அடுத்த ஆண்டு ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி நடத்தத் தொடங்கினார். பின்னர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல். மடத்தில் குரு சொல்ல மாணவன் எழுதியது போக, இங்கே தொடக்கக்காரி சொல்ல, படித்த தோழி எழுதினாள். முதல் வாசகியும் அவளே. நன்னூல் சொன்ன அந்த உடன்பயில்வோர் பங்கு ஒரு வீட்டு முற்றத்தில் இப்படி வேலை செய்தது.

சிறுகதை தமிழுக்கு வந்தபோது கற்பதற்கு முன்மாதிரி வெளியே இருந்தது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளியானது, அதற்கும் தாகூரின் படித்துறைக் கதைக்கும் உள்ள உறவு பற்றிப் பிற்காலத்தில் நிறையவே விவாதித்திருக்கிறார்கள். ருஷ்ய, பிரெஞ்சுக் கதைகளை ஆங்கிலத்தில் படித்து, மொழிபெயர்த்து, தழுவி, கடைசியில் சொந்தமாக எழுதுவது 1930களின் எழுத்தாளர்கள் பலர் நடந்த பாதை. தழுவல் எதுவரை பயிற்சி, எங்கே திருட்டு என்ற சண்டையும் கூடவே நடந்தது. புதுமைப்பித்தன் அந்தச் சண்டையில் முன்வரிசையில் நின்றார், தாமும் ஏராளமாக மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு ஒரு கதையின் எலும்புக்கூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும் வேலை என்பதால், அதைவிட நல்ல பயிற்சி அக்காலத்தில் வேறில்லை.

1933 செப்டம்பரில் ‘மணிக்கொடி’ தொடங்கியது. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் நடத்திய அரசியல் வார இதழாக இருந்த அது, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே வரும் இதழாக மாறியது. ராமையாவே ஆனந்த விகடனின் சிறுகதைப் போட்டிக்கு எழுதிப் பரிசு பெற்று எழுத்துக்கு வந்தவர். புதியவர்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு மோப்பம் இருந்தது. கும்பகோணத்தில் எஸ். மணி என்ற இளைஞரைச் சந்தித்துப் பேசியபோது இவர் எழுதக்கூடியவர் என்று கண்டுகொண்டு, விடாமல் தூண்டி எழுத வைத்தார். வந்த கதைகளுக்குத் தலைப்புக் கொடுத்தார். எழுதியவருக்கு ‘மௌனி’ என்ற பெயரும் கொடுத்தார். 1936இல் அவை மணிக்கொடியில் வெளிவந்தன. அதே இதழில் எம்.வி. வெங்கட்ராமின் முதல் கதை ‘சிட்டுக்குருவி’ அச்சானபோது அவருக்குப் பதினாறு வயது. கும்பகோணத்தில் கு.ப. ராஜகோபாலனும் ந. பிச்சமூர்த்தியும் இருந்தார்கள். வெங்கட்ராம், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு போன்ற இளையவர்கள் கு.ப.ரா.வைச் சுற்றி வந்தார்கள். பாடத்திட்டமோ நேர அட்டவணையோ கிடையாது. காவிரிக்கரை நடையும், பேச்சும், படித்துக் காட்டலும்தான். மணிக்கொடி யாருக்கும் சோறு போடவில்லை. ஆனால் தமிழ்ச் சிறுகதையின் முதல் பட்டறை அதுதான் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

பெரிய இதழ்கள் வேறு வகையில் கற்றுக்கொடுத்தன. எஸ்.எஸ். வாசன் கைக்கு 1928இல் வந்தபின் வளர்ந்த ஆனந்த விகடன், 1932இல் தொடங்கிய கலைமகள், 1941இல் தொடங்கிய கல்கி ஆகியவை போட்டிகளால் புதியவர்களை இழுத்தன. அகிலனின் ‘பெண்’ கலைமகள் பரிசு பெற்ற நாவல். கல்கி வெள்ளி விழாப் போட்டியில் வென்ற உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பின்னர் திரைப்படமும் ஆனது. இந்தப் போட்டிகளின் விதிமுறைகளே ஒரு தலைமுறைக்கு எழுத்தின் பால பாடமாக அமைந்தன. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், நகல் வைத்துக்கொள்ளவும், சொந்தக் கற்பனை என்று உறுதிமொழி இணைக்கவும், திரும்பப் பெறப் போதிய தபால் தலை ஒட்டிய, சுயவிலாசமிட்ட உறை வைக்கவும். அந்த உறையின் தடிப்பைக் கையில் வாங்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். கதை உள்ளே மடங்கிக் கிடந்தால் அது திரும்பி வந்துவிட்டது. ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டைப் பெறாத தமிழ் எழுத்தாளர் அபூர்வம். காரணம் சொல்லாத மறுப்பு எதையும் கற்றுக்கொடுக்காது. பொறுமையை மட்டும் வளர்க்கும்.

மறுப்புச் சீட்டுக்கு இளைஞர்கள் கண்ட மாற்று, கையெழுத்துப் பத்திரிகை. 1930களிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இலங்கையிலும் இது ஓர் இயக்கம் போலப் பரவியிருந்தது. அழகான கையெழுத்துக் கொண்டவர் படி எடுப்பார். படம் போடத் தெரிந்தவர் அட்டையை வரைவார். தைத்துக் கட்டினால் இதழ் தயார். பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகவோ வாசகசாலையிலோ சுற்றும். கடைசியில் வெற்றுத் தாள்கள் விட்டிருப்பார்கள், படித்தவர் கருத்து எழுத. இந்த வெற்றுத் தாள்தான் அதன் உயிர். விகடன் ஆசிரியர் எழுதாத காரணத்தைப் பக்கத்துத் தெரு நண்பன் எழுதினான். வல்லிக்கண்ணன் நெல்லையில் ‘இதய ஒலி’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு எழுத்தாளனாகவே வாழ்வது என்று முடிவெடுத்து, நெல்லையிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே புறப்பட்ட அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்ததில் இதழ்ப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. பின்பு உருட்டச்சு வந்தபோது ஒரு பிரதி நூறு பிரதியாயிற்று.

முறையான எழுத்து வகுப்பு என்று சொல்லத்தக்க முதல் முயற்சிகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடக்கவில்லை. மலாயாவில் நடந்தது. கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கினார்கள். நாளிதழே பள்ளி, வாசகர்களே மாணவர்கள். கதையின் கூறுகளை விளக்கி, பயிற்சி கொடுத்து, எழுதி அனுப்பியவற்றை மதிப்பிட்டுச் சொன்னார்கள். தோட்டங்களிலும் நகரக் கடைகளிலும் வேலை பார்த்த இளைஞர்கள் தபாலில் கதை அனுப்பிக் கற்றார்கள். அதையடுத்துச் சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடந்தது. எழுதக் கற்பதற்கு அடுத்தபடி படிக்கக் கற்பது என்று வரிசை வைத்தது விசித்திரம். தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் எழுதிப் பார்த்தவனுக்கே பிறர் எழுத்தின் அருமை பிடிபடுகிறது என்பதும் அனுபவம். கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் தொடங்கிய மாணவர் மணிமன்றப் பகுதி சிறுவர்களுக்கு அச்சில் இடம் கொடுத்தது. 1950களில் தமிழ் நேசனுக்கு ஆசிரியப் பணிக்கு வந்த கு. அழகிரிசாமி அங்கே இலக்கிய வட்டம் கூட்டிப் புதியவர்களின் கதைகளைப் பேச வைத்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறையில் பலர் இவற்றில் ஏதோ ஒன்றின் பிள்ளைகள்.

இலங்கையில் நா. பொன்னையா 1930இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘ஈழகேசரி’ இளம் எழுத்தாளர்களுக்கு வாசல் திறந்தது. 1946இல் வரதரும் நண்பர்களும் ‘மறுமலர்ச்சி’ இதழைக் கொண்டுவந்தார்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் குடும்பத்தின் சிகையலங்கார நிலையத்தில் வேலை பார்த்தவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்காக இலங்கை சாகித்திய விருது பெற்றபின், 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, தாமே தோளில் சுமந்து விற்றார். சாதியின் பேரால் இலக்கிய மேடைகளில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, அந்தச் சலூன் நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சமமாக இருந்தது. கொழும்பின் ‘வீரகேசரி’ 1960களில் மலையக எழுத்தாளர்களுக்கெனத் தனியாகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசுக் கதைகள் ‘கதைக் கனிகள்’ என்று நூலாயின. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாழ்க்கையை லயத்தில் இருந்தவர்களே எழுத அது தூண்டுகோல்.

கட்சி அலுவலகங்களும் சிலருக்குப் பள்ளியாயின. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தன் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சுக்கோத்து, பிழை திருத்தி, ஜீவானந்தம் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு எழுத்தாளரானார். அச்சுக்கோப்பவர் ஒரு வாக்கியத்தை எழுத்தெழுத்தாக எடுத்து அடுக்குவதால், அதன் நீளமும் கனமும் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. பின்னர் கலை இலக்கியப் பெருமன்றமும், 1975இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் கதை வாசிப்பு, பயிலரங்கு என்று ஊர்தோறும் நடத்தின. கொள்கைப் பாடம் சில சமயம் கதையை விழுங்கிவிட்டதும் உண்மை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூர். அங்கே ஒரே ஆண்டில், 1923இல், பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையைத்தான் வேடிக்கை பார்த்ததாகவும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் கி.ரா. அவருக்கு இலக்கியக் கல்வி நண்பனோடு பேசிய பேச்சிலும், நண்பன் வெளியூர் போனபின் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் நடந்தது. ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டியிருந்தது. ஊரில் பேசுவதைப் போலவே எழுதலாம் என்று அவர் நிறுவிய பிறகு கரிசல் பகுதியிலிருந்து வந்த இளைஞர்களின் வரிசை நீண்டது. பூமணி, சோ. தர்மன், கோணங்கி, தமிழ்ச்செல்வன் எல்லாரும் அந்த மண்ணின் பேச்சை வைத்துக்கொண்டே எழுத வந்தவர்கள். தன் வீட்டில் பேசும் மொழி எழுதத் தகுந்தது என்று ஒருவர் செய்துகாட்டியது, எந்த இலக்கண நூலும் தராத தைரியத்தை அவர்களுக்குத் தந்தது. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ இதே வழியில் இன்னும் ஒரு படி சென்றது. துறவு மடத்தை விட்டு வெளியே வந்து தவித்த நாட்களில், நண்பர் ஒருவர் எழுதிப்பாருங்கள் என்று சொன்னதால் அவர் எழுதியது அது. முழுக்கத் தலித் கிறித்தவ மக்களின் பேச்சுமொழி.

கவிதையில் தளை அறுந்தது சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில். 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை வந்த அந்த இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் வெளியிட்டது. காரிகை தெரியாதவரும் கவிதை எழுதலாம் என்றானபின், 1971இல் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கத்தின் காலத்தில் கல்லூரி தோறும் கவிஞர்கள் முளைத்தார்கள். எளிமை எல்லாரையும் உள்ளே விட்டது, யாரையும் திருத்தவில்லை. அந்தப் பெருக்கில் பெரும்பகுதி வடிந்துபோனது.

‘எப்படி எழுதுவது’ என்று சொல்லும் நூல்கள் தமிழில் தாமதமாகவே வந்தன. மகரம் தொகுத்த ‘எழுதுவது எப்படி?’ என்ற நூலில் பல எழுத்தாளர்கள் தம் அனுபவத்தைச் சொன்னார்கள். சிறுகதை பற்றி அதில் எழுதியவர் தி. ஜானகிராமன். கு.ப.ரா.வின் திண்ணையில் கற்றவர் முப்பது ஆண்டு கழித்து அதை அச்சில் சொல்லிக்கொடுத்தார் என்று இதைப் பார்க்கலாம். அகிலன் ‘கதைக் கலை’ எழுதினார். குமுதத்தில் பணியாற்றிய ரா.கி. ரங்கராஜன் ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்று அஞ்சல்வழிப் பயிற்சியே நடத்தி, பாடங்களைப் பின்னர் நூலாகவும் கொண்டுவந்தார். முதல் வாக்கியம், உரையாடல், முடிவு என்று தொழில் ரகசியங்களை ஒளிக்காமல் சொல்லும் நூல் அது. எஸ். ரங்கராஜன் என்ற இன்னொருவர் குமுதத்துக்குக் கதை அனுப்பியபோது, இரண்டு ரங்கராஜன்கள் குழப்பம் தருவார்கள் என்று மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார். அவர்தான் சுஜாதா.

1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் நூலாகும். அவற்றில் சிறந்தது பரிசு பெறும். புதிதாக எழுதியவருக்கு இதில் கிடைத்தது தொகை அல்ல, யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் கதையைக் கவனித்துப் படித்திருக்கிறார் என்ற செய்தி. கல்வி நிறுவனங்களின் பங்கு இதற்கெல்லாம் பிந்தியது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இலேயே எழுத்துப் பட்டறை பட்டப்படிப்பாகிவிட்டது. அங்குள்ள பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு 1973இல் சென்ற அசோகமித்திரன், அந்த நாட்களை ‘ஒற்றன்’ நாவலாக எழுதினார். வகுப்பறையைக் காட்டிலும் உடன் தங்கியிருந்த எழுத்தாளர்களின் தனிமையும் விசித்திரங்களுமே அதில் நிறைந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படைப்பிலக்கியம் என்று ஒரு தாள் தமிழ்ப் பட்டப்படிப்பில் இடம்பெற்றதோடு சரி. தேர்வுக்குக் கவிதை எழுதி மதிப்பெண் வாங்கும் அந்த முறையால் எழுத்தாளர் உருவானதாகச் சொல்வது கடினம்.

அஞ்சலட்டையின் சேவை அதைவிடப் பெரிது. வல்லிக்கண்ணனும் தி.க. சிவசங்கரனும் புதியவர் எவர் எங்கே எழுதினாலும் தேடிப் படித்து, ஓர் அஞ்சலட்டையில் கருத்து எழுதி அனுப்பிவிடுவார்கள். தி.க.சி. 1960களின் பின்பாதியிலும் 70களின் தொடக்கத்திலும் ‘தாமரை’ இதழின் பொறுப்பில் இருந்து பல இளைஞர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர். இதழ்ப் பொறுப்பு போனபின்னும் அட்டை எழுதுவது நிற்கவில்லை. திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து வந்த அந்த அட்டைகளில் நுணுக்கி எழுதிய வரிகள் முகவரிப் பக்கம் வரை வழிந்திருக்கும். புகழ்ச்சி தாராளமாக இருந்தது, எல்லாரையும் பாராட்டுகிறார் என்ற குறையும் அவர்மீது சொல்லப்பட்டது. ஆனால் முதல் கதை அச்சான வாரத்தில், ஊரில் ஒருவர்கூட அதைப் படிக்காத நிலையில், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அட்டையைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்ததாக எழுத்தாளர் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். வல்லிக்கண்ணன் 2006இலும் தி.க.சி. 2014இலும் மறைந்தார்கள். அப்போது அஞ்சலட்டையின் விலை 50 காசு.